பால் எடுக்கும் பம்பு: வாங்குமுன் கேட்க வேண்டியவை

பிள்ளை பெற்ற வீட்டுக்கு வெறுங்கையோடு போவது நம் மக்களிடம் வழக்கமில்லை. ஒரு சவர்க்காரம், ஒரு குட்டிச் சட்டை, முடிந்தால் ஒரு பால்மாப் பெட்டி என்று எதையாவது எடுத்துக்கொண்டுதான் படியேறுவோம். அண்மைக் காலமாக, கொழும்பில் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் உழைக்கிற பிள்ளைகள் இன்னொரு பொருளையும் அக்காவுக்கோ அண்ணிக்கோ வாங்கி அனுப்ப நினைக்கிறார்கள். அதுதான் பால் எடுக்கும் பம்பு. எதை வாங்கலாம், மின்சாரத்தில் ஓடுவதா, கையால் அமுக்குவதா, விலை கூடினால் நல்லதா என்று எம்மிடமும் கேட்கிறார்கள். இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு உதவ வருகிறவர்களும் இதே கேள்வியோடு வருகிறார்கள்.

குருவானவர்களுக்கு இதிலே என்ன வேலை என்று சில அப்பாமார் சிரிக்கலாம். சிரிக்கட்டும். பசும்பாலைப் பற்றியும் பட்டியைப் பற்றியும் பக்கம் பக்கமாக எழுதிய நாம், பிள்ளையின் முதல் உணவைப் பற்றி ஒரு பாடம் எழுதுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இங்கே சொல்பவை குடும்பநல உத்தியோகத்தர்களிடமும் தாதிமாரிடமும் நாம் கேட்டறிந்தவையும், நம்பத்தகுந்த சுகாதார நூல்களில் உள்ளவையும் ஆகும். தாய்மார் மட்டுமல்ல, கணவன்மாரும் மாமியாரும் இதை வாசிக்க வேண்டும். பம்புக்குக் காசு கொடுப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

நம் நிலைமையை முதலில் பார்ப்போம்

2014 ஒக்டோபர் 29ல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தபோது, உயிர் தப்பிய குடும்பங்கள் பாடசாலைகளிலும் பின்னர் மாக்கல்தெனியவில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் நெடுநாள் தங்க நேர்ந்தது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளியின்போது நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் எத்தனையோ இடங்களில் மண் சரிந்தது. கரட்டும் லீக்சும் கோவாவும் போட்டிருந்த துண்டு நிலம் போய்விட்டது. வீடு இருந்தாலும் அதில் படுக்கப் பயம். அப்படிப்பட்டவர்கள் உறவினரின் லயத்துக் காம்பராவிலும், மண்டபத்திலும், தகரக் கொட்டிலிலும் இருந்துகொண்டுதான் பிள்ளை பெறுகிறார்கள். நேற்று வரை சொந்தத் தோட்டத்தில் தொட்டிலைக் கட்டிவிட்டு வேலை செய்த தாய், இன்று மற்றவரின் மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகிறாள்.

இப்படி இருக்கும் இடத்தில் தண்ணீர் கலங்கி வரும். விறகு ஈரமாக இருக்கும். மின்சாரம் வரும், போகும். பம்பை விற்கும் கடைக்காரர் இவற்றைப் பற்றிக் கேட்கமாட்டார். நாம்தான் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆகவே, எந்தப் பம்பு என்ற கேள்விக்கு முன்னால் வர வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இந்தத் தாய் எதற்காகப் பால் எடுக்க வேண்டியிருக்கிறது?

2016ல் நாடு முழுவதும் எடுத்த குடிசன, சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, ஆறு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு 82 பேர் தாய்ப்பாலை மாத்திரமே குடித்து வந்தார்கள். உலக நாடுகளிடையே இது மிக உயர்ந்த கணக்கு. அந்தத் தாய்மாரில் பெரும்பாலானோர் பம்பைக் கண்ணாலும் கண்டிருக்கமாட்டார்கள்.

பால் எப்படி இறங்குகிறது

மாடு வளர்த்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. கன்றைச் சற்று ஊட்டவிட்டால்தான் மடி இறங்கும். புது ஆள் கறந்தால், நாய் குரைத்தால், மாடு பாலை அடக்கிவிடும். மடியில் பால் இல்லாமல் போவதில்லை. இறங்க மறுக்கிறது, அவ்வளவுதான். தாய்க்கு மரியாதைக் குறைவாக இதைச் சொல்லவில்லை. உடலின் வேலை அங்கும் இங்கும் ஒன்றே.

பிள்ளை உறிஞ்சும்போது தாயின் மூளை இரண்டு சுரப்புகளை அனுப்புகிறது. புரோலக்டின் என்பது பாலை உண்டாக்குகிறது. ஒக்சிடோசின் என்பது உண்டான பாலை வெளியே தள்ளுகிறது. பயம், நோவு, வெட்கம், துக்கம் ஆகியவை இரண்டாவதைச் சிறிது நேரம் தடுத்துவிடும். மண்சரிவில் உறவைப் பறிகொடுத்த தாய் ‘அதிர்ச்சியில் என் பால் வற்றிவிட்டது’ என்று சொல்வது இதனால்தான். பால் வற்றவில்லை. அவளை ஓர் ஓரத்தில் சூடாக உட்காரவைத்து, குடிக்க ஏதாவது கொடுத்து, பிள்ளையை நெஞ்சோடு அணைக்கவிட்டு, அடிக்கடி ஊட்டச் சொன்னால் பால் திரும்ப இறங்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மார்பிலிருந்து பால் எவ்வளவு வெளியேறுகிறதோ அவ்வளவுக்குத்தான் புதுப்பால் உண்டாகும். வெளியேறாமல் தங்கினால் உடல் ‘போதும்’ என்று எடுத்துக்கொண்டு சுரப்பைக் குறைக்கும். இரண்டு நேரம் பால்மா கொடுத்தால் அந்த இரண்டு நேரத்துப் பாலை உடல் உண்டாக்காது. ‘பால் காணாது’ என்ற பேச்சு இப்படித்தான் வீட்டுக்குள் நுழைகிறது. பம்பு வைத்துப் பார்த்தேன், இரண்டு கரண்டிதான் வந்தது என்பதும் பால் குறைவுக்குச் சாட்சியாகாது. பம்பு பிள்ளையைப் போல் உறிஞ்சாது. பிள்ளை ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்து, கிளினிக் அட்டையில் நிறைக்கோடு மேலே ஏறுகிறதென்றால் பால் போதும்.

யாருக்கு உண்மையாகவே தேவை

குறைமாதத்தில் பிறந்து வைத்தியசாலையில் தனியே வைக்கப்பட்டிருக்கும் பிள்ளையின் தாய்க்குத்தான் முதலிடம். அந்தப் பிள்ளைக்கு உறிஞ்சப் பலமில்லை. ஆனால் தாய்ப்பால் மற்றெல்லாப் பிள்ளைகளையும் விட அதற்கே அதிகம் தேவை. பிறந்து சில மணித்தியாலங்களுக்குள் பால் எடுக்கத் தொடங்கி, இரவையும் சேர்த்து ஒரு நாளில் எட்டுத் தடவைக்குக் குறையாமல் எடுத்து வந்தால்தான் சுரப்பு நிலைக்கும். முதல் நாட்களில் வரும் மஞ்சள் நிறச் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். அதைக் கையால் எடுப்பதே நல்லது. பம்பில் எடுத்தால் பாதி குழாயில் ஒட்டிக்கொள்ளும். பால் பெருகியபின் பம்பு உதவும். நைஜீரியாவிலும் கென்யாவிலும் இப்படிப்பட்ட பிள்ளைகளின் தாய்மாரைக் கொண்டு நடத்தி 2007ல் வெளியிட்ட ஆய்வொன்றில், கையால் எடுத்தவர்களைவிட மின்பம்பால் எடுத்தவர்களுக்குக் கூடுதலாகப் பால் கிடைத்தது தெரிந்தது. ஆனால் அது வைத்தியசாலையில் தாதிமாரின் கண்பார்வையில் நடந்தது. அங்கே பாவிப்பது பலரும் பாவிக்கக்கூடியதாகச் செய்யப்பட்ட பெரிய பம்பு. பால் படும் பாகங்கள் ஒவ்வொரு தாய்க்கும் வேறாகத் தரப்படும். நுவரெலியா, டிக்கோயா போன்ற வைத்தியசாலைகளில் பிள்ளை சேர்க்கப்பட்டிருந்தால், கடைக்கு ஓடுமுன் விடுதித் தாதியிடம் உதவி கேளுங்கள். பல பெரிய அரசாங்க வைத்தியசாலைகளில் தாய்ப்பாலூட்டலுக்கென்றே தனி நிலையம் இருக்கிறது. அங்கே காசு கேட்கமாட்டார்கள்.

பிள்ளை நோயுற்று உறிஞ்ச மறுத்தாலும், தாய் நோயுற்றுப் பிரிந்திருந்தாலும், பால் கட்டி மார்பு கல்லாகிப் போனாலும் பால் எடுக்க வேண்டிவரும். கட்டிய மார்புக்குப் பம்பு வைத்து இழுப்பது நோவைக் கூட்டும். மெல்லக் கையால் தளர்த்திவிட்டுப் பிள்ளையை ஊட்டவிடுவதே வழி. காய்ச்சலும் சிவப்பும் கண்டால் தாமதிக்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். ஊட்டுவதை நிறுத்தக்கூடாது.

கடைசியாக வருபவர்கள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவர்கள் வேலைக்குத் திரும்பும் தாய்மார்.

கொழுந்து மலையும் பிள்ளைக்காம்பராவும்

மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம் 1939ல் வந்தது. பல தடவை திருத்தப்பட்ட அந்தச் சட்டத்தின்படி பிரசவ லீவு 84 வேலை நாட்கள். முன்பு மூன்றாவது பிள்ளைக்குப் பாதி லீவுதான். 2018ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் 84 நாட்கள். இதில் 14 நாட்கள் பிரசவத்துக்கு முன்னால் போய்விடும். மீதி 70 வேலை நாட்கள். கணக்குப் பார்த்தால், தாய் திரும்பவும் கூடையைத் தூக்கும்போது பிள்ளைக்கு மூன்று மாதம்கூடச் சரியாக நிறைந்திராது. தாய்ப்பால் மாத்திரமே கொடுக்க வேண்டிய காலமோ ஆறு மாதம். மலையகத்துப் பிள்ளைகளின் போசாக்கு சறுக்குவது இந்த இடைவெளியில்தான் என்பது எமது எண்ணம்.

இதே சட்டம் இன்னொரு உரிமையையும் தருகிறது. நமது பெண்களில் பலருக்கு இது தெரியாது. ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பாலூட்டும் தாய்க்கு, ஒன்பது மணித்தியால வேலைக்குள் இரண்டு இடைவேளைகள் கொடுக்க வேண்டும். பிள்ளைக்காம்பரா உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் 30 நிமிடத்துக்குக் குறையக்கூடாது. இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையக்கூடாது. சாப்பாட்டு நேரம் இதில் சேராது. இந்த நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும்.

இப்போது ஒரு நாளைப் பாருங்கள். காலை ஏழு மணிக்குப் பிள்ளைக்காம்பராவில் விடுமுன் ஒருமுறை ஊட்டுகிறாள். பத்து மணிபோல் ஒருமுறை, பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, இரண்டரை போல் ஒருமுறை, வேலை முடிந்து வந்ததும் ஒருமுறை. பிள்ளை மூன்று மணித்தியாலத்துக்கு மேல் காத்திருக்கவே இல்லை. பம்பு எதற்கு? போத்தல் எதற்கு?

கடதாசியில் இது சரி. மலையில்தான் சிக்கல். கொழுந்தெடுக்கும் மலை பிள்ளைக்காம்பராவிலிருந்து ஒன்றரை மைல் தள்ளி, படி இறங்கி ஓடை கடந்து இருந்தால், அரை மணி நேரம் நடையிலேயே தீர்ந்துவிடும். போய்வந்தால் கிலோ குறையும். கிலோ குறைந்தால் பேர் கிடைக்காது, அரைப்பேராகிவிடும். 2024 செப்டம்பரில் நாளாந்த அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. அதில் பாதியை இழந்து பாலூட்டப் போ என்று எந்த மாமியார் சொல்லுவார்? ஆகவே தாய் போவதில்லை. பிள்ளைக்குச் சீனித் தண்ணியோ, கரைத்த பால்மாவோ, தேத்தண்ணியோ போத்தலில் போகிறது. மாலையில் மார்பு வலியோடு வருகிறாள். இரண்டு கிழமையில் பால் குறைகிறது.

இதற்கு மருந்து பம்பாகத் தோன்றலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. முதலில் தோட்டத்து மாதர் சங்கத் தலைவியும் தொழிற்சங்கத் தலைவரும் துரையிடம் ஒரு காரியத்தைப் பேசலாம்: ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள தாய்மாரைப் பிள்ளைக்காம்பராவுக்குக் கிட்ட உள்ள மலைக்கு விடுங்கள், பாலூட்டும் நேரத்துக்கு ஈடாகக் கிலோ கணக்கில் விட்டுக்கொடுங்கள். பிரட்டில் பெயர் பிரிக்கும்போது செய்துவிடக்கூடிய ஏற்பாடுதான் இது. செலவு அதிகமில்லை. மறுத்தால் தொழில் திணைக்களத்துக்கு எழுதலாம்.

மற்றவரின் மரக்கறித் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகும் தாய்க்குப் பிள்ளைக்காம்பராவும் இல்லை, இடைவேளையைக் கணக்குப் பார்ப்பவரும் இல்லை. பிள்ளை பாட்டியிடம் இருக்கும். அவளுக்குத்தான் பால் எடுத்து வைக்கும் பழக்கம் அவசியம்.

காசில்லாத முறை

கையால் எடுப்பதை நம் பெண்கள் சிலர் ‘பிழிந்து ஊற்றுதல்’ என்று சொல்வார்கள். பிழியக்கூடாது. முறை இதுதான்: கைகளைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். வாயகன்ற கோப்பை ஒன்றைக் கழுவிக் கொதிதண்ணீர் ஊற்றி வையுங்கள். மார்பை ஈரச் சூட்டுத் துணியால் ஒற்றி, விரல் நுனியால் மெல்ல வட்டமாகத் தடவுங்கள். பெருவிரலைக் காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் மேல் விளிம்பிலும், ஆட்காட்டி விரலைக் கீழ் விளிம்பிலும் வையுங்கள். இரண்டு விரலையும் முதலில் நெஞ்சுப் பக்கமாக உள்ளே தள்ளி, பிறகு ஒன்றையொன்று நோக்கி அமுக்கி, விடுங்கள். அமுக்கி, விடுங்கள். விரல் தோலில் வழுக்கக்கூடாது. காம்பைப் பிடித்து இழுக்கவும் கூடாது. மாட்டில் பாலிருக்கும் இடத்தைப் பிடிக்காமல் நுனியை மட்டும் இழுத்தால் என்ன கிடைக்கும் என்று கறக்கத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் வராது. விட்டுவிடாதீர்கள். பிறகு சொட்டும், அதன்பின் பீச்சும். விரல்களைச் சுற்றிச் சுற்றி மாற்றி எல்லாப் பக்கமும் அமுக்குங்கள். ஒரு மார்பில் மூன்று முதல் ஐந்து நிமிடம், பிறகு மற்றது, திரும்பவும் முதலாவது என்று இருபது முப்பது நிமிடம் ஆகும். நோகுமானால் முறை பிழை என்று பொருள். குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டித்தரும்படி கேளுங்கள். கர்ப்பகாலக் கிளினிக்கிலேயே துணி பொம்மை வைத்துக் காட்டச் சொல்லலாம்.

இது ஏழைகளுக்கு ஒதுக்கிய முறை என்று நினைக்க வேண்டாம். பால் எடுக்கும் முறைகளைப் பற்றி உலகில் நடந்த ஆய்வுகளைக் கொக்ரேன் என்ற மருத்துவ அமைப்பு 2016ல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தது. கையால் எடுத்தல், மெல்லத் தடவுதல் போன்ற செலவு குறைந்த முறைகள் பெரிய மின்பம்புக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கக்கூடும் என்று அது கண்டது.

பம்புதான் வேண்டுமென்றால்

கொழும்பில் தங்கி வேலை செய்யும் தாய், கைவிரலில் மூட்டுநோவு உள்ள தாய், பல கிழமை வைத்தியசாலைக்கும் வீட்டுக்கும் அலையும் தாய் ஆகியோருக்குப் பம்பு உதவும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பசுவைக் கறக்கும் இயந்திரத்தை அடுத்துத்தான் இதுவும் வளர்ந்தது. 1920களில் மின்பம்பு ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றவர் எட்வர்ட் லாஸ்கர் என்ற பொறியியலாளர். அவர் பெயர்பெற்ற சதுரங்க வீரர் என்பது வேடிக்கை. 1956ல் சுவீடன் நாட்டு ஐனார் எக்னெல் அமைத்த பம்பு, எவ்வளவு இழுவை இருந்தால் தாய்க்குக் காயம் வராது என்று அளந்து செய்யப்பட்டது. இன்றைய பம்புகளிலும் கவனிக்க வேண்டியது அந்த அளவுதான். இழுவையைக் கூட்டவும் குறைக்கவும் முடியாத பம்பை வாங்காதீர்கள்.

கடையில் ஆக மலிவாகக் கிடைப்பது கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ புனலுக்குப் பின்னால் இறப்பர் குமிழ் வைத்தது. பழைய லொறி ஹோர்ன் போல இருக்கும். இதை வேண்டவே வேண்டாம். பால் குமிழுக்குள் போகும். உள்ளே கழுவ முடியாது. இழுவையும் கைக்கு அடங்காது, காம்பு புண்ணாகும். யாராவது சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

நமது நிலைமைக்கு ஏற்றது, கையால் அமுக்கும் பிடியுள்ள பம்பு. மின்சாரம் வேண்டாம். எல்லாப் பாகமும் கழன்று வரும், எல்லாவற்றையும் கழுவலாம். வாங்கும்போது கடையிலேயே ஒருமுறை முழுதாகக் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். பால் படும் ஒவ்வொரு பாகத்தையும் கொதிக்கவைக்கலாமா என்று கேளுங்கள். சின்ன வால்வு கிழிந்தால் தனியாக வாங்க முடியுமா என்றும் கேளுங்கள்; அந்த வால்வு கிழிந்தால் பம்பு இழுக்காது, முழுக்காசும் வீண். சிலிக்கோனில் ஒரே துண்டாகச் செய்து மார்பில் ஒட்டவைக்கும் பம்பும் வருகிறது. ஒரு மார்பில் பிள்ளை குடிக்கும்போது மறுமார்பில் ஒழுகுவதை அது சேர்க்கும், கழுவவும் எளிது. பிள்ளையை விட்டுப் பிரிந்து நாள் முழுவதும் இருக்கும் தாய்க்கு அது போதாது.

மின்பம்பு வேகமானது. இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுக்கும் வகை நேரத்தை மிச்சப்படுத்தும். ஆனால் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்கமாட்டோம். மண்சரிவுக்குப் பின் கம்பமே விழுந்து கிடக்கும். ஆகவே மின்பம்பு வாங்குகிறவர்களும் கையால் எடுக்கப் பழகியிருக்க வேண்டும். பாலுக்கும் மோட்டாருக்கும் இடையே தடுப்பு உள்ளதா என்று பாருங்கள். தடுப்பில்லாவிட்டால் பால் ஈரம் மோட்டாருக்குள் போய்ப் பூஞ்சணம் பிடிக்கும். வெளியே துடைத்தால் போகாது. ஒருவர் பாவித்த வீட்டுப் பம்பை மற்றவர் வாங்குவதும் இரவல் வாங்குவதும் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். லயத்தில் உரலையும் குடத்தையும் இரவல் கொடுப்பதுபோல் இதைக் கொடுக்க முடியாது.

புனலின் அளவும் முக்கியம். எடுக்கும்போது காம்பு புனலின் குழாய்க்குள் தடையில்லாமல் முன்பின் அசைய வேண்டும். ஓரத்தில் உரசினால் புனல் சிறிது. கருவட்டம் முழுவதும் உள்ளே இழுபட்டால் புனல் பெரிது. விலை கூடிய பம்பும் புனல் பொருந்தாவிட்டால் புண்தான் தரும்.

கழுவும் வேலையைச் சொல்லாமல் விட முடியாது. ஒவ்வொரு முறையும் கழற்றி, பால் பட்டவற்றை அலசி, அதற்கென்றே வைத்த பேசினில் சவர்க்காரச் சுடுதண்ணீரில் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி, சுத்தமான துணிமேல் காற்றில் உலரவிட வேண்டும். சட்டி கழுவும் தொட்டியில் போடக்கூடாது. இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளைக்கும் குறைமாதப் பிள்ளைக்கும் நாளுக்கு ஒருமுறையாவது ஐந்து நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும். 2016ல் அமெரிக்காவில் குறைமாதப் பிள்ளையொன்றுக்கு வந்த கடும் கிருமித் தொற்று, வீட்டில் பாவித்த பம்பின் பாகங்களோடு தொடர்புடையதாகக் கண்டுபிடிக்கப்பட்டது. குழாயில் சுடுதண்ணீர் வரும் நாட்டிலேயே அப்படி. பீலியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமக்கும் வீட்டில், நாளுக்கு மூன்று தடவை இவ்வளவையும் செய்ய முடியுமா என்று காசு கொடுக்குமுன் யோசியுங்கள். ஒரு கோப்பையைக் கழுவுவது ஒரு நிமிட வேலை.

எடுத்த பாலை வைப்பதும் கொடுப்பதும்

எடுத்த பாலை மூடியுள்ள சுத்தமான பாத்திரத்தில், அடுப்பிலிருந்து தள்ளி, வெயில் படாத மூலையில் வையுங்கள். 25 பாகை வெப்பம் வரையுள்ள இடத்தில் நான்கு மணித்தியாலம் வைக்கலாம். நுவரெலியாவில் ஆண்டுச் சராசரி வெப்பம் ஏறத்தாழ 16 பாகைதான். இதிலே நம் மலைக்குளிர் நமக்குத் துணை. ஆனாலும் புகையும் சூடும் நிறைந்த லயத்துக் காம்பரா மலைக்குளிரில் சேராது. நான்கு மணித்தியாலக் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் இருக்கும்.

வைத்த பாலில் மேலே ஆடைபோல் கொழுப்பு பிரிந்து நிற்கும். பழுதாகிவிட்டது என்று பாட்டிமார் கொட்டிவிடுகிறார்கள். மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டாம். சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கோப்பையை வைத்து இளஞ்சூடாக்கினால் போதும். பிள்ளை குடித்து மீதியானதை அடுத்த நேரத்துக்கு வைக்கக்கூடாது.

கொடுப்பது போத்தலில் வேண்டாம். பிள்ளையை நிமிர்த்தி மடியில் வைத்து, சிறு கோப்பையின் விளிம்பைக் கீழுதட்டில் படவையுங்கள். பிள்ளை தானே நக்கிக் குடிக்கும். வாய்க்குள் ஊற்றக்கூடாது. குறைமாதப் பிள்ளைகள்கூட வைத்தியசாலையில் இப்படித்தான் குடிக்கின்றன. சூப்பியில் பழகிய பிள்ளை மார்பை மறுக்கலாம். சூப்பியின் மடிப்புக்குள் பழைய பால் தங்கும்.

நிவாரணப் பெட்டிக்குள் வந்தால்

2006 மே மாதம் இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நிலநடுக்கம் வந்தபோது, நல்ல மனத்தோடு பலர் பால்மா அனுப்பினார்கள். பிறகு கணக்கெடுத்தபோது, பால்மா கிடைத்த சிறு பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 25 பேருக்கு ஒரே கிழமையில் வயிற்றோட்டம் கண்டிருந்தது. கிடைக்காத பிள்ளைகளில் அது 100க்கு ஏறத்தாழ 12. இடர்காலத்தில் குழந்தைகளுக்கு உணவூட்டுவது பற்றிச் சர்வதேச நிறுவனங்கள் கூடி 2017ல் வெளியிட்ட வழிகாட்டி, பால்மா, போத்தல், சூப்பி ஆகியவற்றை நன்கொடையாகக் கேட்கவும் ஏற்கவும் வேண்டாம் என்கிறது. பால் எடுக்கும் பம்பையும், மிக அவசியமாகவும் சரியாகக் கழுவ வசதியாகவும் உள்ள இடத்தில் மாத்திரமே பாவிக்கச் சொல்கிறது. ஆகவே நிவாரணப் பெட்டிக்குள் இவை வந்தால் வரிசையில் நின்றவர்களுக்குப் பங்கிட வேண்டாம். சுகாதார வைத்திய அதிகாரியிடம் ஒப்படையுங்கள். தாயை இழந்த பிள்ளைக்கும், பால்மாவே வழி என்றாகிவிட்ட பிள்ளைக்கும் எப்படி, எவ்வளவு கொடுப்பது என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

உதவ விரும்புகிறவர்கள் பம்புக் காசில் தாய்க்குக் கனமான சால்வை, முட்டை, பருப்பு, மூடியுள்ள இரண்டு கோப்பை, ஒரு பேசின் வாங்கிக் கொடுக்கலாம். கிளினிக்கில் தாய்க்கென்று தரும் திரிபோஷாவைத் தாயே சாப்பிடவும் விடுங்கள். வீட்டில் எல்லோருக்கும் உருண்டை பிடித்துக் கொடுத்தால் அவள் பங்கு ஒரு வாய்தான்.

மண்டபத்தில் தங்கியிருக்கும் இடத்தில் நாலு சேலையைக் கட்டி ஒரு மூலையை மறைத்து, ஒரு பாயும் சாய்ந்துகொள்ள மூட்டையும் போட்டு, பாலூட்டும் தாய்மாருக்கென்று ஒதுக்கிவிடுங்கள். பலர் முன்னிலையில் வெட்கப்பட்டு ஊட்டாமல் இருக்கும் தாய்க்கு இது பெரிய உதவி. மாலையில் ஆண்கள் அந்த இடத்தை அடைத்துக்கொண்டு சீட்டு விளையாடாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை மாதர் சங்கம் எடுக்கட்டும். விறகைக் காயவைத்து, காலையும் மாலையும் ஒரு கேத்தல் கொதிதண்ணீர் அந்த மூலைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை அப்பாமார் எடுக்கலாம்.